வடக்கே போகாதே மக்கா

தம்பி, குலசேகரத்திலிருந்து நீ கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 2024-ல் வந்த ஃபால்அவுட் சீரியலைப் பார்த்துவிட்டு, அதே வரிசையில் வந்த ஃபால்அவுட் நியூ வேகஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆஃபரில் வாங்கினாய். முதல் ஊரைவிட்டு வெளியே வந்ததும் தூரத்தில் வேகஸ் நகரத்துக் கோபுரம் தெரிந்தது. அதைப் பார்த்து நேரே நடந்தாய், செத்தாய். திரும்ப நடந்தாய், திரும்பச் செத்தாய். பதினொரு தடவை. "இதுல என்ன அண்ணே இருக்கு, எதுக்கு இதைத் தூக்கி வச்சு ஆடுறாங்க?" என்பது முதல் கேள்வி. கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் நடுவழியில் நின்றுபோகிறதே, என்ன செய்ய? கதையில் வரும் கட்சிகளில் எதில் சேர? இவை துணைக்கேள்விகள்.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: வடக்கே போகாதே மக்கா. தெற்கே போ.

கிண்டல் இல்லை. கதை தொடங்கும் குட்ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வேகஸ் வடகிழக்கே இருக்கிறது. நேர்வழியில் இரண்டு காவல் உண்டு. மலைப் பக்கம் ஏறினால் கசடோர் என்கிற ஆள் உயர ராட்சதக் குளவிகள். கொட்டினால் விஷம் ஏறும், உன்னிடம் மாற்று மருந்து இருக்காது. நெடுஞ்சாலையோடு போனால் ஒரு கல்குவாரி, அதில் டெத்க்ளா என்ற பல்லியும் பேயும் கலந்த மாதிரி ஒரு ஜந்து. கூட்டமாக நிற்கும். (நம்ம ஊர் குவாரி லாரி தேவலாம் என்று தோன்றும்.) நீ செத்தது உன் கை வராததால் இல்லை. வேறு விளையாட்டாக இருந்தால் அங்கே ஒரு சுவர் எழுப்பியிருப்பார்கள், இல்லையென்றால் 'இங்கே போகக்கூடாது' என்று பலகை வைத்திருப்பார்கள். இவர்கள் வாயால் சொல்லாமல் அடித்துச் சொல்கிறார்கள். நீதான் பதினொரு தடவையும் காதில் வாங்கவில்லை.

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகவேண்டும், வில்லுக்குறியில் மதம் பிடித்த ஆனை ரோட்டை மறித்து நிற்கிறது என்று வை. என்ன செய்வாய்? திங்கள்சந்தை இறங்கி, குளச்சல், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, ராஜாக்கமங்கலம் என்று கடலோரமாகச் சுற்றி ஊர் போய்ச் சேருவாய். அதே சுற்று இங்கேயும் உண்டு. குட்ஸ்பிரிங்ஸிலிருந்து தெற்கே ப்ரிம், அங்கிருந்து மோஹாவி அவுட்போஸ்ட், கிழக்கே நிப்டன், வடக்கே திரும்பி நோவாக், போல்டர் சிட்டி, கடைசியில் வேகஸ். நேர் ரோட்டில் போயிருந்தால் கோபுரத்தை மட்டும் பார்த்திருப்பாய். சுற்றிப் போனால் யாருக்கு யார்மேல் கோபம், எந்த ஊரை யார் கொளுத்தினார்கள், யார் வரி கேட்கிறார்கள், யார் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் எல்லாம் தெரிந்துவிடும். நகரத்து வாசலில் நிற்கும்போது உனக்கென்று ஒரு அபிப்பிராயம் இருக்கும். இந்த விளையாட்டின் மொத்தச் சாமர்த்தியமும் அந்தச் சுற்றுப்பாதைதான்.

பின்னணியை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 2077 அக்டோபர் 23-ல் அணுகுண்டுப் போர், உலகம் சாம்பல். அதற்கு 204 வருஷம் கழித்து, 2281-ல் இந்தக் கதை. நீ ஒரு கூரியர்காரன். கொண்டுபோன பொருளைப் பிடுங்கிக்கொண்டு உன் தலையில் சுட்டுக் குழியில் போட்டுவிடுகிறான் ஒருவன். யாரோ தோண்டி எடுக்க, ஒரு வைத்தியர் பிழைக்க வைக்கிறார். தயாரித்தது ஒப்சிடியன் நிறுவனம், வெளியானது 2010 அக்டோபரில். 2008-ல் பெதஸ்டா நிறுவனம் செய்த ஃபால்அவுட் மூன்றாம் பாகத்தின் அதே எஞ்சினில், அதாவது அடிப்படை நிரலில், கட்டியது. ஆகவே முகங்கள் பொம்மை மாதிரி இருக்கும், நடை விறைப்பாக இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு 2015-ல் வந்த நான்காம் பாகம் இருக்கிறது. சுடுவதற்கு அதுதான் சுகம். பேசுவதற்கு இதுதான்.

சரி, ஆளை உருவாக்குவது. வைத்தியர் வீட்டில் ஒரு மெஷின் முன்னால் நிறுத்தி ஏழு குணங்களுக்கு 40 புள்ளியைப் பங்கு வைக்கச் சொல்வார். எல்லாவற்றிலும் ஐந்தும் ஆறுமாகப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். கல்யாணப் பந்தியில் எல்லாக் கூட்டிலும் ஒரு கரண்டி வாங்கி எதையும் ருசிக்காமல் எழுந்த மாதிரி ஆகிவிடும். நான் முதல் ஆட்டக்காரருக்குச் சொல்வது: பலம் 5, கூர்நோக்கு 5, தாங்குதிறன் 6, கவர்ச்சி 1, அறிவு 9, சுறுசுறுப்பு 7, அதிர்ஷ்டம் 7. கூட்டிப் பார், 40 வரும். கவர்ச்சி ஒன்றா என்று பதறாதே. பேசி மடக்குவதற்கு 'ஸ்பீச்' என்று தனித்திறமை இருக்கிறது, அதை வேறு வழியில் ஏற்றலாம். அறிவு கூடினால் ஒவ்வொரு லெவலிலும் திறமைப் புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும், அதனால் அது விதைநெல். அதிர்ஷ்டம் சூதாட்ட விடுதிக்கு. பிளாக்ஜாக் சீட்டாட்ட மேஜையில் நீயே புரிந்துகொள்வாய். பிறகு மூன்று திறமைகளுக்குக் குறியிடச் சொல்வார்: ஸ்பீச், துப்பாக்கி, ரிப்பேர். கண்ணை மூடிக்கொண்டு போடு.

ஸ்பீச் ஏன் முதலில் என்றால், இங்கே பேச்சு குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. மூன்றாம் பாகத்தில் இத்தனை சதவிகிதம் என்று பகடை உருட்டுவார்கள். இதில் 30 வேண்டும் என்றால் 30 இருக்கவேண்டும், இருந்தால் கண்டிப்பாக நடக்கும். உன்னிடம் 22 இருந்தால் அதையும் காட்டும், கூடவே உன் ஆள் சொல்லப்போகும் வசனமும் அசட்டுத்தனமாக மாறியிருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் உளறிய மாமன் ஞாபகம் வரும். கொஞ்சம்தான் குறைகிறது என்றால், வழியில் கிடைக்கும் பத்திரிகை ஒன்றைப் படித்துவிட்டுப் பேசு. அந்தத் திறமை ஒரு நிமிஷத்துக்குப் பத்துப் புள்ளி ஏறும். ஆகவே பத்திரிகைகளை விற்காதே. உரையாடல் எல்லாம் ஆங்கிலத்தில்தான், அதுவும் அமெரிக்க இழுவையில். செட்டிங்ஸில் சப்டைட்டிலைப் போட்டுக்கொள். எழுத்தைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

குட்ஸ்பிரிங்ஸிலேயே முதல் இரண்டு மணி நேரம் இரு. சன்னி என்ற பெண் ஒரு சின்ன ரைஃபிள் கொடுத்து, ஊற்றுக்குப் பக்கத்தில் திரியும் கெக்கோப் பல்லிகளைச் சுடக் கற்றுக்கொடுப்பாள். செடி பறித்து மருந்துப்பொடி செய்யவும் அவளே சொல்லித்தருவாள். பிறகு சாராயக்கடைக்குப் போனால் ஒரு ரௌடி நின்று மிரட்டிக்கொண்டிருப்பான். ஊரில் ஒளிந்திருக்கும் வியாபாரியை ஒப்படைக்கவேண்டும் என்பது அவன் பிடிவாதம். நீ ஊர்ப் பக்கம் நிற்கலாம், ரௌடிப் பக்கமும் நிற்கலாம். ஊர்ப் பக்கம் நிற்பதென்றால் வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கவேண்டும். கடைக்காரரிடம் பேரம் தெரிந்தால் சரக்கு கிடைக்கும், வெடி தெரிந்தால் கிழவர் டைனமைட் எடுத்துத் தருவார். ஊர்க்கூட்டம் கூட்டுகிற வேலைதான், நமக்குத் தெரியாததா? இந்த ஒரு சம்பவத்தில் மொத்த விளையாட்டின் இலக்கணமும் இருக்கிறது. ஒரு காரியத்துக்கு நாலு வழி, எந்த வழி திறக்கும் என்பது நீ கட்டியிருக்கும் வேஷத்தைப் பொறுத்தது.

நீ எழுதியதில் இன்னொன்று கவனித்தேன். தட்டு, டம்ளர், காலி பாட்டில், ஓட்டை டின் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு நடக்கமுடியாமல் நிற்கிறாய். நீ நான்காம் பாகத்து வீடியோக்கள் பார்த்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அதில் ஆக்கர் கடைக்காரன் மாதிரி பொறுக்கினால் பலன் உண்டு, ஒவ்வொரு தட்டுமுட்டுச் சாமானையும் உருக்கி வீடு கட்டலாம். இதில் அந்தச் சாமான்களில் முக்கால்வாசி சுமைதான். உன் ஆள் தூக்கக்கூடியது 150-உடன் பலத்தின் பத்து மடங்கு, பலம் ஐந்து என்றால் 200. ஒரு பொருளைக் கையில் எடுக்கும்முன் அதன் விலையை எடையால் வகுத்துப் பார். மருந்து, மின்சாதனப் பாகம், நல்ல துப்பாக்கி, இவற்றுக்கு அப்பால் எதையும் தொடாதே. ஒரே மாதிரித் துப்பாக்கி இரண்டு கிடைத்தால் ஒன்றைப் பிரித்து மற்றதைச் சரிசெய், விலை ஏறும். ரிப்பேர் திறமைக்குக் குறியிடச் சொன்னது இதற்காகத்தான். நாணயம் என்ன தெரியுமில்லையா? சோடா பாட்டில் மூடி. சின்ன வயதில் கோலிசோடாக் கடை வாசலில் மூடி பொறுக்கிச் சேர்த்து வைத்தவன் நான், முதல் நாளே எனக்கு இந்த உலகத்தோடு ஒட்டிப்போயிற்று.

சண்டையில் ஒன்றை மட்டும் நினைவில் வை. எதிரியின் உயிர்க்கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்புக் கேடயம் தெரிந்தால் உன் தோட்டா அவன் சட்டையைத் துளைக்கவில்லை என்று அர்த்தம். தோட்டாவை மாற்று, இல்லாவிட்டால் ஓடு. ஓடுவதில் வெட்கம் வேண்டாம்.

கம்ப்யூட்டர் பூட்டைத் திறக்கும் வார்த்தை ஆட்டத்தில் நாலு வாய்ப்புத் தருவான். மூன்றில் சரியாக வரவில்லையென்றால் வெளியே வந்து மறுபடி உள்ளே போ, புதிதாக நாலு கிடைக்கும்.

இனி, எனக்கு இந்த விளையாட்டு ஏன் பிடித்தது என்பது.

நம் குமரி மாவட்டத்துக்காரனுக்கு அணைத் தண்ணீர் என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 1906-ல் கட்டிமுடித்த பேச்சிப்பாறை அணை எப்போது திறக்கும், கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் கடைமடை வரை வருமா, நடுவில் யார் மடையை அடைத்தான் என்கிற பேச்சைக் கேட்டே வளர்ந்தோம். இந்தக் கதையின் நடுநாயகமும் ஓர் அணைதான். கொலராடோ ஆற்றின் குறுக்கே 1930-களில் நிஜமாகவே கட்டிய ஹூவர் அணை. உலகம் அழிந்தும் அது நிற்கிறது. அதில் தண்ணீரும் மின்சாரமும் வருவதால்தான் மூன்று கூட்டம் அதற்காகக் கழுத்தறுக்கிறது. வேகஸுக்குக் கிழக்கே என்.சி.ஆர் (நியூ கலிஃபோர்னியா ரிபப்ளிக்) என்கிற அரசின் குத்தகை விளைநிலங்கள் இருக்கின்றன, அங்கே கண்டிப்பாகப் போ. ஒரு பக்கம் பயிருக்கு வரவேண்டிய தண்ணீர் அளவு குறைகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை. இன்னொரு பக்கம் வருகிற தண்ணீரிலேயே கதிர்வீச்சு கலந்திருக்கிறது. இரண்டு புகாரையும் பின்தொடர்ந்து போனால் இரண்டு வேறு இடங்களில் போய் நிற்பாய். அங்கே யாரைக் குற்றவாளி என்பது என்று உனக்குக் கை நடுங்கும். தண்ணீரைத் திருப்பிவிட்டவன் கெட்டவனா? முடிவைச் சொல்லமாட்டேன். நான் ஒரு ராத்திரி முழுக்க அந்தத் திரையை அப்படியே விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

மின்சாரக் கதையும் அப்படித்தான். ஹீலியோஸ் ஒன் என்று ஒரு சூரியமின் நிலையம், அதைச் சரிசெய்து ஓடவைக்கவேண்டும். ஓடவைத்ததும் மின்சாரத்தை எங்கே அனுப்ப என்று கேட்கும். படைமுகாமுக்கும் சூதாட்டத் தெருவுக்குமா, ஏழைகள் இருக்கும் பக்கத்துக்கா, எல்லா ஊருக்கும் பங்கிட்டா, இல்லை அதை ஓர் ஆயுதமாகவே மாற்றிவிடலாமா? நான் இதை முதலில் ஆடியது 2012-ல். தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்தால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாடி சுற்றும். வீட்டுக்கு வந்தால் ஃபேன் சுற்றாது. அந்தக் கேள்வி திரையில் வந்தபோது நான் யோசிக்கவே இல்லை, எல்லா ஊருக்கும் என்று அழுத்தினேன். அழுத்திய ஐந்தாம் நிமிஷத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் போனது. மூன்று மணி நேரமாக சேவ் பண்ணவில்லை. பேட்டரி செத்த பழைய லேப்டாப். அம்மா மெழுகுவர்த்தியோடு வந்து "யாரை லே திட்டுக?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

கதிர்வீச்சு பற்றியும் கேட்டிருந்தாய், சிவப்பு எண் ஏறிக்கொண்டே போகிறது என்று. கையில் கட்டிய பிப்-பாய் கருவி கிர்ர் கிர்ர் என்று சத்தம் போட்டால் நீ நிற்கும் இடமோ குடிக்கும் தண்ணீரோ சரியில்லை. 200 தாண்டினால் உடல் தளரத் தொடங்கும், 1000 என்றால் சாவு. ராட்அவே என்ற மருந்துப்பை ஒன்றை ஏற்றினால் இறங்கிவிடும். குட்ஸ்பிரிங்ஸ் ஊற்றுத் தண்ணீர் சுத்தமானது, அங்கே வயிறு நிறையக் குடி. ஒரு பை மருந்தில் பட்ட கதிர்வீச்சைக் கழுவி எடுப்பதெல்லாம் கதையில் மட்டும் நடக்கும் காரியம். நமக்கு அந்தச் சொல் அந்நியமும் இல்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதற்குள் கதிர்வீச்சு உள்ள தோரியம். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் இதைக் கண்டுபிடித்த கதை தெரியுமா? இங்கிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டிப்போன மணலைப் பார்த்துத்தான்! அப்போது தோரியம் காஸ் விளக்கு மேன்டிலுக்கு வேண்டியிருந்தது. நம் மணல் ஐரோப்பாவின் தெருவில் வெளிச்சமாக எரிந்தது. ஆட்டத்தில் அந்தக் கருவி சத்தம் போடும்போதெல்லாம் எனக்கு மண்டைக்காட்டுக் கொடைக்குப் போய்விட்டுக் கடற்கரையில் கருப்பு மணலை அள்ளி விளையாடியதுதான் நினைவுக்கு வரும்.

லேப்டாப் விஷயம். இந்த விளையாட்டு அன்று கேட்டது 2 ஜிபி ரேமும் 10 ஜிபி இடமும்தான். இன்றைய சாதாரண லேப்டாப்பின் உள்ளிருக்கும் கிராபிக்ஸே போதும். நடுவில் நின்றுபோவதற்கு உன் மெஷினைக் குறைசொல்லாதே. இது 32-பிட் நிரல், உன்னிடம் 8 ஜிபி ரேம் இருந்தாலும் 2 ஜிபிக்கு மேல் எட்டித் தொடாது. ரசிகர்கள் செய்த 4 ஜிபி பேட்ச் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது, அதை முதலில் போடு. நிழலையும் தண்ணீர்ப் பிரதிபலிப்பையும் குறைத்துவிடு. விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்யும் கோப்புகளுக்கு மாட் என்று பேர், வேறு மாட் எதையும் முதல் ஆட்டத்தில் தொடாதே. ஐம்பது மாட் ஏற்றிவிட்டு எது எதோடு மோதுகிறது என்று தேடுவதிலேயே கோடை விடுமுறையைக் கழித்த பிள்ளைகள் என் கடைக்கு வருகிறார்கள். எஃப்5 அழுத்தி அவசர சேவ் பண்ணலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதே. ஒவ்வொரு ஊர் வாசலிலும் மெனுவுக்குப் போய்த் தனி சேவ் ஒன்று போடு. இடி மழை வருகிறதா, எழுந்து சாயா குடி.

ஹார்ட்கோர் முறை வேண்டுமா என்று தொடக்கத்தில் கேட்பார்கள். பசி, தாகம், தூக்கம் எல்லாம் கணக்கில் வரும், தோட்டாவுக்கும் எடை உண்டு, கூட வருகிறவன் செத்தால் செத்ததுதான். முதல் தடவை வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு நேர்மாறான எண்ணம். தாகம் எடுக்கும் என்று தெரிந்தால்தான் பாலைவனம் பாலைவனமாக இருக்கும். ஆனாலும் பதினொரு தடவை செத்தவனுக்கு அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டாம் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்.

கட்சி. பெரியவை நாலு. என்.சி.ஆர்: சட்டம், சாலை, வரி, பைல். சீசரின் படை: அடிமை வியாபாரம், சிலுவை. மிஸ்டர் ஹவுஸ்: தனியொரு பணக்காரன், நகரமே அவன் சொத்து. நாலாவது, யாரும் வேண்டாம் என்று நீயே நடத்துவது. இப்போதே தேர்வு செய்யாதே என்பதே என் பதில். ப்ரிம் ஊரில் இதற்கு ஒரு சின்ன ஒத்திகை வரும். ஷெரிஃப் செத்துப்போய் ஊருக்குக் காவல் இல்லை, யாரை வைப்பது என்று உன்னிடம் விடுவார்கள். என்.சி.ஆரைக் கூப்பிட்டால் படை வரும், கூடவே வரியும் வரும். 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தவர்கள் நாம். எந்த ஆட்சியோடு சேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று உன் தாத்தா தலைமுறை வீட்டுத் திண்ணையில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும். அவரிடம் ஒரு சாயங்காலம் கேட்டுவிட்டு வந்து ப்ரிம்மில் முடிவெடு. சீசர் பக்கம் சேர்வதும் ஓர் ஆட்டம்தான், வேஷம் என்றால் வில்லன் வேஷமும் உண்டு. நிப்டன் ஊரில் அவர்கள் செய்துவைத்திருப்பதைப் பார்த்த பிறகும் சேரத் தோன்றினால் சேர்.

அணைச் சண்டையோடு கதை முடிந்துவிடும், அதன்பின் தொடர்ந்து சுற்ற முடியாது. ஆகவே அந்தக் கடைசிப் பணிக்குப் போகும் முன் பாக்கி வேலைகளை முடித்துக்கொள்.

இப்போது பழைய சேவ் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கு. ப்ரிம்மில் ஒரு வீட்டு மேஜைமேல் பழுதாகிக் கிடக்கும் உருண்டை ரோபோவைச் சரிசெய்து கூட்டிக்கொள், எதிரியைத் தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். நோவாக் போய்ச் சேர்ந்ததும் பெரிய டைனோசர் பொம்மையின் வாய்க்குள் ஏறிப் பார். பகலில் போனால் ஒருவன் இருப்பான், பேச்சு சுமுகமாகப் போகும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் போனால் சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் இருப்பான், முகம் கொடுத்துப் பேசமாட்டான். நீ ராத்திரி போ.